140 பக்க வேர்ட் கையேட்டை எளிய உரைக்கு மாற்றி இணையத்தில் ஏற்ற வேண்டும், எதில் ஆரம்பிப்பது?

தறிக்காரன்

வணக்கம் மக்களே. ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சின்ன இடத்தில் வேலை பார்க்கிறேன். நிரல் எழுத மூன்று பேர், சப்போர்ட்டுக்கு ஒரு அக்கா, அவ்வளவுதான் கூட்டம். பயனர் கையேடு 140 பக்கம், முழுக்கத் தமிழ், வேர்ட் கோப்பில் இருக்கிறது. அக்காதான் எழுதினார், அவர்தான் திருத்துவார், திருத்தியதும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவோம்.

போன வாரம் ஒரு கடைக்காரர் போன் செய்து, "முப்பத்தெட்டாம் பக்கத்துல வாட் சதவீதம்னு ஒரு பெட்டி போட்டிருக்கீங்க, என் திரையில அது இல்லையே" என்றார். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில்! மனிதர் ஒவ்வொரு முறை போன் மாற்றும்போதும் அந்தப் பழைய பிடிஎஃப்பையும் பத்திரமாகக் கூடவே கொண்டுபோயிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அனுப்பிவிட்ட கோப்பைத் திரும்பப் பிடிக்க எங்களிடம் வழி கிடையாது.

அதனால் ஒரே முகவரி, எப்போது திறந்தாலும் புதிய கையேடு என்று மாற்ற நினைக்கிறோம். மூலம் எளிய உரைக் கோப்புகளாக, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் இருக்க வேண்டும், யார் எதை எப்போது மாற்றினார் என்று தெரிய வேண்டும். எந்தக் கருவி எடுக்கலாம்? அக்காவுக்கு கிட் தெரியாது, ஆனால் கற்றுக்கொள்கிறேன் என்கிறார்.

ஆவணக்காரி

ஸ்பிங்க்ஸ் எடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்கள் ஒரு காலத்தில் லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் இருந்தன, அதைத் தூக்கிவிட்டு எளிய உரையிலிருந்து தளம் கட்டுவதற்காக கியோர்க் பிராண்டல் எழுதியதுதான் இது, 2008-ல் வெளிவந்தது. லினக்ஸ் கெர்னல்காரர்கள்கூட டாக்புக் என்ற பழைய ஆவண வடிவத்தை விட்டு 2016-ல் இதற்குத்தான் வந்தார்கள். கையேடு என்றால் பொருளடக்கம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் இணைப்பு, சொல்லடைவு எல்லாம் வேண்டும், வலைப்பதிவுக்குச் செய்த கருவிகளில் இதையெல்லாம் ஒட்டுப்போட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

ஒரு கேள்வி. வேர்ட் கோப்பு யூனிகோடா, பழைய பாமினி எழுத்துருவா?

தறிக்காரன்

பாதி பாதி. பழைய அத்தியாயங்கள் பாமினி. வேர்டை எளிய உரையாக்கும் பாண்டாக் கருவியில் போட்டுப் பார்த்தேன், அந்தப் பகுதி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. அதை இணையத்தில் கிடைக்கும் ஒரு மாற்றியில் போட்டால் தமிழ் சரியாக வருகிறது, ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த மெனு பெயர்களையும் சேர்த்துத் தமிழாக்கி வைக்கிறது, வாயில் நுழையாத எழுத்தாக.

ஆவணக்காரி

வரிசையை மாற்றிச் செய்துவிட்டீர்கள். பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான், அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. நீங்கள் பார்த்த அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. எது பாமினி, எது நிஜ ஆங்கிலம் என்ற தகவல் வேர்ட் கோப்பின் எழுத்துரு அமைப்பில் மட்டுமே இருக்கிறது. எளிய உரைக்கு இறக்கிய அந்த நொடியில் அது போய்விடும், அப்புறம் எந்த மாற்றியாலும் பிரிக்க முடியாது. முதலில் வேர்டுக்குள்ளேயே, எழுத்துரு பாமினி என்று இருக்கும் துண்டுகளை மட்டும் தேடி மாற்றுங்கள். அதற்குப் பிறகு பாண்டாக்.

மாற்றியதும் எல்லாக் கோப்புகளையும் யூனிகோட் இயல்பாக்கத்தில் ஒருமுறை ஓட்டி எடுங்கள், என்எஃப்சி வடிவம். சில மாற்றிகள் "கொ" எழுதும்போது கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியாக வைத்துவிடும், தட்டச்சு செய்தால் ஒரே குறியாக வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடினால் மட்டும் கிடைக்காது. நான் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

வெறும்உரை

ஸ்பிங்க்ஸ் நல்லதுதான், ஆனால் எழுதப்போவது அந்த சப்போர்ட் அக்கா என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். ஸ்பிங்க்ஸுக்கு எழுதும் ஆர்எஸ்டி என்ற குறிமுறையின் இலக்கணத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். ஒரு வெற்று வரி விட்டுப்போனால் சண்டைக்கு வரும், உள்தள்ளல் ஒரு இடம் தப்பினால் பத்தி மேற்கோளாகிவிடும். அதைவிட எளிய குறிமுறையான மார்க்டவுனில் எழுதச் சொல்லுங்கள், அதிலிருந்து தளம் செய்யும் எம்கேடாக்ஸில் கட்டுங்கள், மாலைக்குள் தளம் வந்துவிடும்.

தறிக்காரன்

இரண்டிலும் ஓர் அத்தியாயம் முயன்று பார்த்துவிட்டு வருகிறேன்.

தறிக்காரன்

பார்த்தாச்சு. ஆர்எஸ்டியில் முதல் தலைப்பே தலைப்பாக வரவில்லை. "கோப்பு" என்று எழுதி, கீழே மூன்று சமக்குறி போட்டேன். மூன்று எழுத்து, மூன்று கோடு, கணக்கு சரிதானே? சாதாரணப் பத்தியாக வருகிறது.

ஆவணக்காரி

உங்கள் கண்ணுக்கு மூன்று, அதற்கு மூன்றில்லை. க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகாரக் குறி என்று உள்ளே ஆறு இருக்கிறது. ஸ்பிங்க்ஸுக்குள் ஆர்எஸ்டியைப் படிக்கும் டாக்யுட்டில்ஸ் புள்ளியை மட்டும் அகலமில்லாதது என்று கழிக்கும், உயிர்க்குறிகளைக் கழிக்காது. ஆக ஐந்து வேண்டும். நீங்கள் போட்டது நான்குக்கும் குறைவு என்பதால், இவ்வளவு குட்டையாக இருந்தால் தலைப்பாக இருக்காது என்று அதுவே முடிவு செய்துகொண்டது. நான்கு போட்டிருந்தால் தலைப்பாக ஏற்றுக்கொண்டு எச்சரிக்கை மட்டும் கொடுத்திருக்கும்.

எண்ணிக்கொண்டெல்லாம் இருக்காதீர்கள். எந்தத் தலைப்பானாலும் நாற்பது சமக்குறி, கண்ணை மூடிக்கொண்டு. நீளமாக இருந்தால் அது கோபித்துக்கொள்ளாது. கோடு போட்டு வரையும் அட்டவணைகளையும் தமிழில் மறந்துவிடுங்கள், எந்த எடிட்டரிலும் செங்குத்துக் கோடு நேராக நிற்காது. பட்டியலாக எழுதி அட்டவணையாக்கும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

வெறும்உரை

இதைத்தான் சொன்னேன். மார்க்டவுனில் தலைப்புக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி (#), கதை முடிந்தது.

நடுச்சாமம்

மார்க்டவுன்காரர் ரொம்பத் துள்ள வேண்டாம், தமிழுக்கு இரண்டிலுமே பள்ளம் இருக்கிறது. நாம் வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறவர்கள். "கோப்புக்கு" என்பதில் கோப்பு என்ற சொல்லை இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டுத் தடிமனாக்கி, உருபைச் சாதாரணமாக விட வேண்டும் என்று வையுங்கள். ஆர்எஸ்டியில் நட்சத்திரத்துக்கு அப்புறம் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தே ஆக வேண்டும், எழுத்து வந்தால் ஒத்துக்கொள்ளாது. நடுவில் ஒரு பின்சாய்வுக் கோடும் இடைவெளியும் போட்டு ஏமாற்ற வேண்டும்.

மார்க்டவுனில் இதே வரி அழகாக வேலை செய்யும். ஆனால் மெனு பெயரை மேற்கோளுக்குள் போட்டு, அந்த மேற்கோளையும் சேர்த்துத் தடிமனாக்கி, உடனே "ஐ" ஒட்டிப் பாருங்கள். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறி, பின்னால் எழுத்து என்றால் மார்க்டவுனின் பொது இலக்கணமான காமன்மார்க் விதிப்படி அது மூடும் குறியே கிடையாது. நட்சத்திரங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும். ஜப்பானியர், சீனர் எல்லாரும் இதே விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், நாம் புதிதில்லை.

என் கணக்கில் வித்தியாசம் ஒன்றுதான். ஆர்எஸ்டி தவறு நடந்தால் கோப்பு பெயர், வரி எண்ணோடு கத்தும். மார்க்டவுன் ஒன்றும் சொல்லாமல் தப்பாகப் பதிப்பித்துவிட்டுப் போய்விடும். 140 பக்கத்தையும் ஒவ்வொரு முறையும் யார் கண்ணால் பார்ப்பது? ஸ்பிங்க்ஸில் எச்சரிக்கையைப் பிழையாக எண்ணும் தேர்வைப் போட்டுவிட்டால், மூடாத நட்சத்திரம் ஒன்று இருந்தாலும் கட்டும் வேலை தோல்வி என்றே முடியும். அக்காவுக்கு இலக்கணம் கற்றுக்கொடுப்பதைவிட, தப்பு எந்த வரியில் என்று சொல்லும் கருவியைக் கொடுப்பது மேல்.

வெறும்உரை

நியாயமான பேச்சு. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஓர் எழுத்துப் பிழை திருத்தப் போய், "தொடக்கக்குறி இருக்கிறது முடிவுக்குறி இல்லை" என்று சிவப்பில் ஆங்கிலத்தில் வந்து நின்றால், அந்த அக்கா அடுத்த நாள் வேர்டுக்கே திரும்பிவிடுவார். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் ஆனது. கருவி சரியாக இருந்தது, எழுத ஆளில்லை.

தறிக்காரன்

நடுவழி இருக்கிறதா? தலைப்புக்கு மார்க்டவுன், மற்றதற்கு ஸ்பிங்க்ஸ் என்று?

ஆவணக்காரி

இருக்கிறது, மிஸ்ட் என்று பெயர். ஸ்பிங்க்ஸுக்குள் மார்க்டவுனில் எழுதலாம், ஸ்பிங்க்ஸின் இணைப்பு, குறிப்புப் பெட்டி எல்லாம் அதிலேயே வரும். நடுச்சாமம் சொன்ன மேற்கோள் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி எளிது, மெனு பெயருக்கு மேற்கோள் கிடையாது, தடிமன் மட்டும்.

பழையகடை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு இந்த மொத்த முயற்சியே அதிகப்படியாகத் தெரிகிறது. கடைக்காரர்கள் பாதிப் பேர் கல்லாப்பெட்டிக்கு மேலே பக்கங்களை அச்செடுத்து ஒட்டி வைத்திருப்பார்கள். இணையம் போன நேரத்தில்தான் பில் போடுவது எப்படி என்று பார்க்க வேண்டிவரும். அவருக்கு வலைத்தளம் எதற்கு? வேர்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆவணக்காரி

அச்சு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதே மூலத்திலிருந்து பிடிஎஃப்பும் எடுக்கலாம், அதுதான் எளிய உரையின் லாபமே. ஸ்பிங்க்ஸ் வழக்கமாக எடுக்கும் பிடிஎஃப்லேட்டெக் தமிழுக்கு ஆகாது, எஞ்சினை ஸீலேட்டெக் என்று மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஓர் எழுத்துருவைக் காட்ட வேண்டும். நிரல் துண்டுகளுக்கு வரும் சம அகல எழுத்துருக்களில் தமிழ் இருக்காது, கட்டம் கட்டமாக வரும். பில்லிங் கையேட்டில் நிரல் துண்டு அதிகம் இருக்காது, பிழைத்தீர்கள்.

பழையகடை

அப்படியென்றால் சரி. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி இருக்கட்டும். ஒட்டி வைத்த தாளுக்கு வயது தெரிய வேண்டும்.

தறிக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மிஸ்ட் எடுத்தோம். பாமினி வேலை நான்கு நாள் தின்றது. அப்புறம் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன், ஆசையாகத்தான் வைத்தேன், கிட்டில் நிலை பார்த்தால் 340, 256 என்று வெறும் எண்ணாக வரிசை கட்டுகிறது. எது எந்த அத்தியாயம் என்றே தெரியவில்லை.

நடுச்சாமம்

கிட்டில் core.quotepath என்று ஓர் அமைப்பு, அதை அணைத்தால் தமிழாகத் தெரியும். ஆனாலும் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்துக்கே மாற்றிவிடுங்கள். பெயர்தான் பக்கத்தின் முகவரி ஆகிறது, முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "கோப்பு" ஒன்றே 54 எழுத்து. பெறுபவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து அழித்துவிடுவார்.

தறிக்காரன்

மாற்றிவிட்டேன், நன்றி. அடுத்தது. தளத்தை கிட்ஹப் பேஜஸ் என்ற தள வசதியில் ஏற்றினால் வண்ணமே இல்லாமல், 1995 மாதிரி, நீலக் கோடும் வெள்ளைப் பின்னணியுமாக வருகிறது. என் கணினியில் நன்றாக இருந்தது.

வெறும்உரை

எல்லாருக்கும் முதல் நாள் நடப்பது. கிட்ஹப் பேஜஸ் தானாகவே ஜெகில் என்ற கருவியில் ஓட்டும், ஜெகில் அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புறைகளைத் தள்ளிவிடும், ஸ்பிங்க்ஸின் ஸ்டைல் எல்லாம் அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புறையில்தான் இருக்கிறது. "ஜெகில் வேண்டாம்" என்று சொல்லும் வெற்றுக் கோப்பு ஒன்று வைக்க வேண்டும், ஸ்பிங்க்ஸிலேயே கிட்ஹப்பேஜஸ் என்ற நீட்சியைச் சேர்த்தால் அதுவே வைத்துவிடும்.

தறிக்காரன்

வந்துவிட்டது! ஆனால் இப்போதுதான் பெரிய சிக்கல். தேடல். "கோப்பு" என்று தேடினால் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் வருகிறது, கோப்பு என்ற சொல்லே இல்லாத பக்கம் உட்பட. "சேமி" என்றாலும் அதே கதை. "படம்" என்று தேடினால் மட்டும் சரியாக வருகிறது. பேய் பிடித்தது போல் இருக்கிறது.

நடுச்சாமம்

பேய் இல்லை, இதுவும் அந்த உயிர்க்குறிதான். பைத்தானில் "சொல் எழுத்து" என்று ஒரு தேடல் குறி உண்டு, ஸ்பிங்க்ஸ் வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிப்பது அதை வைத்துத்தான். அந்தக் குறி தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்து என்று ஒப்புக்கொள்வதில்லை. அதனால் குறி வந்த இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படுகிறது. "கோப்பு" என்பது க, ப, ப என்று மூன்று தனிச் சொல்லாக அட்டவணையில் ஏறியிருக்கும். "சேமி" என்றால் ச, ம. க-வும் ப-வும் இல்லாத தமிழ்ப் பக்கம் எங்கே இருக்கிறது?

"படம்" மட்டும் ஏன் பிழைத்தது என்றால், அதில் உயிர்க்குறியே இல்லை, கடைசியில் ஒரு புள்ளிதான். அது போனாலும் "படம" என்று ஒரே துண்டாக நிற்கிறது. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் இதே போலத்தான் வெட்டுகிறது, இரண்டும் ஒரே மாதிரி தப்பு செய்வதால் பிழை என்றே வெளியில் தெரிவதில்லை.

தறிக்காரன்

ஐயோ. சரிசெய்ய முடியுமா, அல்லது தேடல் பெட்டியையே எடுத்துவிடட்டுமா?

நடுச்சாமம்

முடியும். தேடல் மொழியை நாமே எழுதிச் சேர்க்க ஸ்பிங்க்ஸ் இடம் விட்டிருக்கிறது. சின்ன கிளாஸ் ஒன்று, அதில் பிரிக்கும் வேலையை மட்டும் மாற்றி எழுத வேண்டும், யூனிகோடில் தமிழ்ப் பகுதி முழுவதையும் எழுத்தாக எண்ணு என்று. அதிலேயே உலாவிக்கான பிரிப்பு நிரலையும் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே விதி இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் இப்போது எல்லாம் வருகிறது, அப்போது எதுவுமே வராது. நான் செய்த தப்பு அது.

இதற்கு அப்புறமும் பாதிதான் தீரும். "கோப்பு" என்று தேடினால் "கோப்புகள்" வரும், "கோப்பை", "கோப்பில்" வராது, ஏனென்றால் அங்கே உகரம் போய் வேறு குறி உட்கார்ந்துவிடுகிறது. ஸ்நோபால் என்ற தொகுப்பில் தமிழுக்கு வேர்ச்சொல் பிரிக்கும் நிரல் இருக்கிறது, முறையாகச் செய்வதானால் அதைச் சேர்க்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை, ஒரு குறுக்குவழி போட்டேன். தேடும் சொல்லின் கடைசியில் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் வெட்டிவிடுவேன். "கோப்ப" என்று தேடும், ஸ்பிங்க்ஸ் சொல்லின் பகுதியையும் பொருத்திப் பார்க்கும் என்பதால் கோப்பு, கோப்பை, கோப்பில் மூன்றும் வரும். தேநீர்க் கோப்பையும் வரும்தான், பில்லிங் கையேட்டில் தேநீர் எங்கே வரப்போகிறது.

பழையகடை

சரக்குக் கணக்கில் பாத்திரக் கடை வரும் தம்பி.

நடுச்சாமம்

:) ஒத்துக்கொள்கிறேன்.

ஆவணக்காரி

தறிக்காரன், இன்னொன்று இப்போதே செய்துவிடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் ஆங்கில எழுத்தில் ஒரு லேபிள் வையுங்கள். தமிழ்த் தலைப்பிலிருந்து ஸ்பிங்க்ஸுக்கு நங்கூரம், அதாவது பக்கத்துக்குள் அந்தப் பகுதியின் முகவரி, உண்டாக்கத் தெரியாது, ஐடி1, ஐடி2 என்று தானே எண் போட்டுக்கொள்ளும். அக்கா "ரிட்டர்ன் பில் போடுவது" பகுதிக்கான இணைப்பை வாட்ஸ்அப் பதிலாகச் சேமித்து வைத்திருப்பார், நீங்கள் மேலே புதிதாக ஒரு பகுதி சேர்த்த அன்று அது "ரசீது அச்சிடுவது" பகுதிக்குப் போய் நிற்கும். உடைந்த இணைப்பாக இருந்தால் யாராவது புகார் செய்வார்கள், தப்பான இடத்துக்குப் போகும் இணைப்பை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மற்றொன்று, ஒரு வாக்கியம் ஒரு வரி. பத்தியை முழுசாக ஒரே வரியில் எழுதினால் ஒரு எழுத்து மாறியதற்கும் கிட் மொத்தப் பத்தியையும் மாறியதாகக் காட்டும். இது புது யோசனையும் இல்லை, பிரையன் கெர்னிகன் 1974-லேயே யூனிக்ஸ் கற்பவர்களுக்கு இதை எழுதி வைத்தார்.

தறிக்காரன்

லேபிள் 212 வைத்தேன், கை வலிக்கிறது. தேடல் குறுக்குவழியோடு வேலை செய்கிறது. படங்கள்தான் இன்னும் தலைவலி, திரை மாறினால் படத்தை மறுபடி எடுக்கத்தான் வேண்டும், அதற்கு எளிய உரையில் மருந்தில்லை. அக்கா தடுமாறாமல் எழுதுகிறார், ஆனால் கிட் இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லை, கிட்ஹப் பக்கத்திலேயே பென்சில் குறியைத் தட்டித் திருத்திக்கொள்கிறார். அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். சிவப்பில் எச்சரிக்கை வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார், வெறும்உரை சொன்ன பயம் அந்த மட்டில்தான் நிற்கிறது.

வாட் கடைக்காரருக்குப் புது முகவரி அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் "இதை பிடிஎஃப்பா சேமிச்சு வச்சுக்கிட்டேன் தம்பி" என்றார்.

பழையகடை

தேதி போட்டீர்களா, இல்லையா?

தறிக்காரன்

பக்க அடியில் "கடைசியாகத் திருத்தியது" வரி வருகிறது, ஸ்பிங்க்ஸ் அமைப்பில் ஒரே வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. அவருடைய பிடிஎஃப்பிலும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன், இருக்கிறதாம்.